அக்கா அரித்த தங்கம்

1

விக்கிரமசிங்கபுரத்தில் என் அக்கா வீட்டுப் புறவாசலில் தங்கச் சுரங்கம் எதுவும் கிடையாது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து யாரும் மண்வெட்டியோடு அந்தப் பக்கம் போக வேண்டாம். போனால் தங்கம் கிடைக்காது, அக்காவிடம் வசவுதான் கிடைக்கும்.

நேற்று என் மகள் மீனாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் முடிந்தது. அவளும் மாப்பிள்ளையும் ஆக்லாந்தில் இருக்கிறார்கள். நானும் என் மனைவி செல்வியும் அதே நியூசிலாந்தின் தென் தீவில், மேற்குக் கரையில், மழை பெய்யாத நாளைக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டிய ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். வாழ்த்துச் சொல்ல ஊரிலிருந்து போன் போட்ட அக்கா, வாழ்த்தை விட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"ஏலே கணேசா, என்னால இங்கன குடியிருக்க முடியலல. வாரவன் போறவன்லாம் வாழைத் தூரையே மொறச்சிப் பாத்துட்டுப் போறானுவ. நேத்து ஒருத்தன் கேக்கான், 'பெரியம்ம, தங்கம் இன்னும் கெடக்கா'ன்னு. ஒரு வருசமாச்சி, விட மாட்டேங்கானுவ."

பக்கத்து ஊர்களில் கதை இன்னும் கொழுத்துப் போயிருக்கிறதாம். அம்பாசமுத்திரத்தில் நான் கடத்தல்காரன். கல்லிடைக்குறிச்சியில் அக்கா வீட்டில் புதையல். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்குப் பொறுமை கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு அக்காவை நிம்மதியாக விடுங்கள்.

2

நான் இங்கே ஒரு பால் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். வந்த புதிதில் ஆணி வாங்க ஒரு இரும்புச் சாமான் கடைக்குப் போனேன். அங்கே பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, உள்பக்கம் வரி வரியாகப் பள்ளத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. "அடடே, அரிக்கஞ்சட்டி!" என்று கடையிலேயே கத்திவிட்டேன்.

அரிக்கஞ்சட்டி தெரியாத புண்ணியவான்களுக்காகச் சொல்கிறேன். அதுவும் இதே மாதிரி உள்ளே வரி வைத்த மண்சட்டிதான். அரிசியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஒரு சுழற்றுச் சுழற்றினால் அரிசி தண்ணீரோடு மேலேறிப் பக்கத்துப் பாத்திரத்தில் விழும். கல் கனம், அது வரிகளிலேயே தங்கிவிடும். அரிசியை உலையில் போட்டுவிட்டுக் கல்லைப் புறவாசலில் எறிய வேண்டியதுதான். இப்போது வருகிற பாக்கெட் அரிசியில் மருந்துக்குக்கூடக் கல் கிடையாது. அக்கா இன்றைக்கும் அரித்துவிட்டுத்தான் உலை வைப்பாள். "கல்லு இல்லன்னு அவன் சொல்லுதான். நான் நம்பணுமா?" என்பாள்.

கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அது ஆற்றில் தங்கம் அரிக்கிற தட்டு என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை, நிஜம்தான். இந்தப் பக்கத்து ஆறுகளில் பொதுமக்கள் பொழுதுபோக்காகத் தங்கம் அரிக்கவென்றே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தட்டும் மண்வாரியும் போதும்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தாமிரபரணிக் கரையில் பிறந்தவனுக்கு ஆற்று மணல் என்றாலே லாரியும் போலீசும் கோர்ட்டும்தானே ஞாபகம் வரும்? சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மாள் தங்கமானவர்.

"அனுமதி எதுவும் வேண்டாம், போய் அரியுங்கள்" என்றார்.

"அனுமதி வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள்" என்றேன்.

"எதற்கு?"

"யாராவது கேட்டால் காட்ட."

"யாரும் கேட்க மாட்டார்கள்."

"கேட்டால்?"

கடைசியில் ஒரு வரி எழுதி மின்னஞ்சலில் அனுப்பினார். அதில் ஒரு முத்திரை வைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். அதற்கப்புறம் அவர் என் போனை எடுக்கவில்லை. அந்த ஒரு வரியை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, இன்றுவரை காரில் வைத்திருக்கிறேன். ஒரு பயல் வந்து கேட்டானா? கேட்கவில்லையே!

தங்கம் என்றதும் கொழுக்கட்டை கொழுக்கட்டையாகக் கிடைக்கும் என்று யாரும் வாயைப் பிளக்க வேண்டாம். மண்ணை அரிக்க அரிக்க, கல் போய், வெள்ளை மணல் போய், அடியில் கரிய இரும்பு மணல் நிற்கும். அந்தக் கருப்பு மணலுக்குள்தான் தங்கம். கோதுமை மாவைவிடப் பொடி. எண்ணெய்ப் பசை பட்டால் தண்ணீரில் மிதந்தே ஓடிவிடும் என்று, பாத்திரம் தேய்க்கிற சோப்பில் ஒரு சொட்டு விட வேண்டும். காந்தத்தைக் காட்டினால் பாதி மணல் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மிச்சத்தைப் பிரிக்கக் கடைசியாக ஒரு ஆட்டு ஆட்ட வேண்டும். அந்தக் கடைசி ஆட்டு எனக்கு இன்றுவரை கைக்கு வரவில்லை. ஆட்டுகிற போதெல்லாம் மணலோடு தங்கமும் போய்விடும். அதனால் பிரிக்காமலே கருப்பு மணலோடு ஒரு காப்பித்தூள் பாட்டிலில் சேர்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த பாட்டிலை வீடியோவில் அக்காவுக்குக் காட்டி, "இதான்க்கா தங்கம்" என்று பீற்றிக்கொள்வேன். இந்த இரண்டு சொல் பிற்பாடு என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே!

3

சின்ன வயதில் மீனா என்னோடு ஆற்றுக்கு வருவாள். அங்கே ஒரு வகை ஈ உண்டு. கடித்தால் மூன்று நாளைக்குச் சொறிய வேண்டும். தண்ணீர் ஐஸ். கொஞ்சம் வளர்ந்ததும் கரையில் நிறுத்திய காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் காருக்கும் வருவதில்லை. பள்ளிக்கூடத்தில், அப்பா சனிக்கிழமை மீன் பிடிக்கப் போகிறார் என்று சொல்லி வைத்திருந்தாள்.

"ஏம்மா பொய் சொல்லுத?" என்று கேட்டேன்.

"மீன்னு சொன்னா யாரும் அடுத்த கேள்வி கேக்க மாட்டாங்கப்பா."

எனக்கு அந்த பாட்டில் விளையாட்டு இல்லை. சம்பளம் வருகிறது, வீட்டுக் கடனுக்கும் வரிக்கும் போகிறது. அது வருவதும் தெரியாது போவதும் தெரியாது. இந்த நாட்டில் யார் கையையும் பார்க்காமல், குளிரில் குனிந்து நானே பொறுக்கியது இந்தப் பொடி ஒன்றுதான். அது மகள் கழுத்தில் ஏறிவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒரு வெறி. மற்றபடி நான் பேராசைக்காரன் இல்லை, செல்வியிடம் வேண்டுமானால் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீனாவும் சிவாவும் ஆக்லாந்தில் பழகி, தாங்களே முடிவு செய்து, எங்களுக்குத் தகவல் சொன்னார்கள். பையன் ஸ்ரீவைகுண்டம். வேறெங்கோ போய் விழாமல் நம் ஆற்றுத் தண்ணீரிலேயே விழுந்தாளே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கே அறிவித்துவிட்டேன், தாலி என் தங்கத்தில்தான் என்று.

"உங்க இஷ்டம்ப்பா" என்றாள் மீனா. போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

அக்காவுக்குச் சொன்னேன். அவள் பங்குக்கு அவளும் வைதாள்.

"ஏலே கூறுகெட்டவனே! தாலிக்குப் பொன்னு மாப்ள வீட்டுல இருந்துல்லா வரணும்? பொண்ணப் பெத்தவன் எங்கனயாவது தாலி செய்வானால? போன எடத்துல புத்தியையும் அடகு வச்சிட்டியா?"

எத்தனை கல்யாணத்தில் சாப்பிட்டிருக்கிறேன்! எந்தப் பந்தியில் என்ன பாயசம் என்று இன்றைக்கும் சொல்வேன். தாலி யார் வீட்டுப் பொறுப்பு என்பது மட்டும் சுத்தமாக மறந்து போயிருந்தது. இத்தனை வருஷம் தப்பான வீட்டுக்காரனாகத் தங்கம் அரித்திருக்கிறேன்.

4

சம்பந்திக்கு ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத் தோட்டம். ஆற்றின் தலையில் எங்கள் ஊர், வாலில் அவர் ஊர். "நீங்க குளிச்சி விட்ட தண்ணியிலதான் வே எங்க வாழை வளருது" என்று முதல் நாளே சொன்னவர். அதற்கு மேல் அதிகம் பேச மாட்டார். அவரிடம் போனில் என் ஆசையைச் சொல்லி முடிக்க எனக்கு வியர்த்துவிட்டது.

"மணலா?" என்றார்.

"தங்கம் சம்பந்தி. மணலோட இருக்கு."

"பாரும், தாலிக்குப் பொன்னு நாங்கதான் போடணும். அதுல மாத்தம் கெடையாது. ஒம்ம ஆசைக்கு ஒரு துளி சேத்துக்கிடலாம். ஆனா பொன்னுருக்குக்கு வரும்போது தங்கமாக் கொண்டாரணும். மணலக் கொண்டாந்து எம் முத்தத்துல கொட்டப்படாது."

பொன்னுருக்கு என்றால், கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நல்ல நாளில், மாப்பிள்ளை வீட்டில், இரண்டு வீட்டாரும் பார்த்திருக்க ஆசாரி தாலிக்குத் தங்கம் உருக்குவது. அதற்குள் என் பாட்டிலில் இருப்பதைச் சுத்தம் செய்துவிட வேண்டும். சரி என்று சொல்லிவிட்டேன்.

சென்னை விமான நிலையத்தில் நானே போய்ச் சுங்க அதிகாரி முன்னால் பாட்டிலை வைத்தேன். செல்வி பின்னாலிருந்து சட்டையை இழுத்தாள், நான் கேட்கவில்லை.

"என்ன சார் இது?"

"மணல்."

"மணலா?"

"தங்கம் கலந்த மணல்."

அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போனார், இன்னொருவரைக் கூட்டி வந்தார். நான் காந்தத்தை எடுத்து வகுப்பு நடத்த ஆரம்பித்தேன். பின்னால் நின்ற வரிசை முழுக்க முணுமுணுத்தது. இரண்டாவது ஆள் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "எந்த ஊரு?" என்றார்.

"விக்கிரமசிங்கபுரம்."

"வே! நான் ஆழ்வார்குறிச்சி. நம்ம ஊர்ல இருந்து மணலு வெளிய போவும்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். உள்ள வாரத இப்பதான் பாக்கேன்."

பாட்டிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முகம் இளகிவிட்டது. "இம்புட்டுக்கா வே இத்தன வருசம்? போவும், போயி கல்யாணத்த நடத்தும்" என்று தோளில் தட்டி அனுப்பினார். வரி போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

5

பொன்னுருக்குக்கு முந்தின நாள் காலையில், அக்கா வீட்டுப் புறவாசலில் உட்கார்ந்து பாட்டிலை எவர்சில்வர் போகிணியில் கொட்டினேன். சோப்பு விட்டேன். ஆட்டப் போனவன் போகிணியைத் திரும்பக் கீழே வைத்துவிட்டேன். இதுவரை போனால் மயிரே போச்சு என்று ஆட்டியவன்தான். இன்றைக்குப் போனால் எல்லாம் போய்விடுமே!

அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அரிசி களையத் தெரியாதவன் தங்கம் களையுதானாம். தள்ளுல அங்கிட்டு."

யோசித்தேன். அரிப்பதில் அக்கா கைக்கு மிஞ்சின கை இந்த ஜில்லாவில் கிடையாது. "பையக்கா, பைய" என்று சொல்லிக்கொண்டே எழுந்து இடம் விட்டேன். அவள் பரணிலிருந்து அரிக்கஞ்சட்டியை எடுத்து வந்தாள். முதல் சுழற்றிலேயே மணல் அப்படி வழுக்கிக்கொண்டு வந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மண்டபத்துச் சமையல்காரர் போன். கல்யாணத்துக்கு மறுநாள் விருந்துக்குச் சொதி உண்டா, சொதிக்கு இஞ்சிப் பச்சடி உண்டா, தேங்காய் எத்தனை என்று ஆள் விடாமல் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குள் சிக்னல் இல்லாமல் தெருவுக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பினேன்.

அக்கா எவர்சில்வர் போகிணியைப் பெருமையாக நீட்டினாள். உள்ளே கருகருவென்று, மின்னுகிற மாதிரி, சுத்தமான கருப்பு மணல்.

"பாத்தியால? ஒரு தூசி துரும்பு உண்டுமா? அடியில மஞ்சமஞ்சளா என்னமோ கசடு கெடந்துச்சி. அத வாழைத் தூர்ல விசிறிட்டேன்."

எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா... அந்தக் கசடுதான்க்கா தங்கம்."

"என்னல சொல்லுத? நீதான பாட்டிலக் காட்டிக் காட்டி 'இதான்க்கா தங்கம்'னே? கருப்பாத்தான் இருக்கும், உருக்குனா மஞ்சளாவும்னுல்லா நெனச்சேன்!"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பாவாடை கட்டின நாளிலிருந்து மேலே வருவதை வைத்துக்கொண்டு அடியில் நிற்பதை எறிந்து பழகிய கை. அந்தக் கைக்கு யாரும் மாற்றிச் சொல்லித் தரவில்லை. விஷயம் மண்டையில் ஏறியதும் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, எம் மருமவ தாலிய வாழைக்கு ஊத்திட்டேனே!"

அந்த ஓலம் மூன்று தெருவுக்குக் கேட்டது. அன்றைக்குக் கிளம்பிய கதைதான் அம்பாசமுத்திரம் வரைக்கும் போயிருக்கிறது.

6

அத்தான் மண்வெட்டியை எடுத்தார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாழ்நாளில் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை, அன்றைக்கும் கேட்கவில்லை. வாழைத் தூரைச் சுற்றி வெட்டி மண்ணை வாளி வாளியாகப் போட்டார். நான் பச்சைத் தட்டை எடுத்து முழங்கால் மண்ணில் பதிய உட்கார்ந்து அரிக்க ஆரம்பித்தேன். செல்வி எனக்குப் பின்னால் நின்று, எங்கள் கல்யாண நாளிலிருந்து வரிசையாக ஒவ்வொன்றையும் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் தட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு மினுக்கு தெரிந்தது. ஆட்டினேன், போய்விட்டது. கல்யாண வீட்டில் அழக் கூடாது என்று குனிந்தே இருந்தேன்.

மாடியிலிருந்து மீனா இறங்கி வந்தாள். கையில் மருதாணி காய்ந்து சிவந்திருந்தது. "விடுங்கப்பா, கடையில வாங்கிக்கலாம்" என்று சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்து தட்டைப் பிடுங்கினாள்.

"தள்ளுங்கப்பா. உங்களுக்கு லாஸ்ட் ஸ்டெப் வராது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"காருக்குள்ள உக்காந்து எத்தன வருஷம் பாத்திருக்கேன்! கடைசில மட்டும் அவசரப்படுவீங்க. எனக்குக் கத்தணும் போல இருக்கும்."

தட்டைச் சாய்த்தாள். குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கிற மாதிரி லேசாக, லேசாகத் தட்டினாள். கருப்பு மணல் பின்வாங்கியது. ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு மஞ்சள் கோடு. "எறிஞ்சிராத தாயி, எறிஞ்சிராத" என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது. சம்பந்தியும் அவர் வீட்டம்மாவும், மறுநாள் பொன்னுருக்குக்கு முறைப்படி அழைக்க, வெற்றிலை பாக்கு பழத் தட்டோடு உள்ளே வந்துவிட்டார்கள். மணப்பெண் சேற்றில். பெண்ணைப் பெற்றவன் முழங்காலில். வாழைக்கடியில் பள்ளம்.

"என்ன வே நடக்குது?"

"வாழைக்கு உரம் வைக்கோம் அண்ணாச்சி" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மீனா தலையை நிமிர்த்தவில்லை. "மாமா, நீ உக்காரு. அத்தை தாலியை வாழைக்கு ஊத்திட்டாங்க. தேடிட்டிருக்கேன்."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒன்று, மாமனாரை 'நீ' என்கிறாள். இன்னொன்று, நல்ல நாள் பார்த்து என்ன வார்த்தை! சம்பந்தி நேராக வாழையிடம் போனார்.

"குலை தள்ளப் போற மரத்தப் போயி இப்பிடியா கொத்துவாவ? வேரு பூரா அத்துட்டே! யாரு வே வெட்டுனது?"

அத்தான் மண்வெட்டியை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கொஞ்ச நேரம் சம்பந்திக்கு வாழையைத் தவிர வேறு துக்கமில்லை. அப்புறம் மீனாவின் தட்டைக் குனிந்து பார்த்தார். அந்த மஞ்சள் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இத்தனூண்டு தண்ணிய வச்சிக்கிட்டு என்னத்த அரிப்பாவ" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

சாயங்காலம் வரைக்கும் அரித்தோம். கிடைத்தது ஒரு கடுகு அளவு. மிச்சம் மண்ணோடு மண்ணாகப் போனது. அந்த மண்ணைச் சம்பந்தி தன் கையாலேயே தூரில் தள்ளி, மிதித்து, எரு வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். இனி அதில் எடுக்க ஒன்றுமில்லை. மண்வெட்டிக்காரர்கள் கவனிக்கவும்.

7

ஸ்ரீவைகுண்டத்தில் சம்பந்தி வீட்டுக் கூடம் நிறைய ஆள். மாப்பிள்ளை வீட்டுத் தங்கம் முதலில் உருகிச் செவேலென்று உருண்டது. அடுத்து ஆசாரி என் காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். பிரித்துவிட்டு எங்கே என்று தேடினார்.

"இத அதுல கலந்தாக் காணாமப் போயிரும் அண்ணாச்சி. தனியா உருக்கி, தாலியில ஒரு பொட்டா வச்சித் தாரேன்."

சம்பந்தி தலையை ஆட்டினார். "எல்லாரும் மூச்ச அடக்குங்க. ஃபேன நிப்பாட்டுங்க" என்றார் ஆசாரி. அந்த வெயிலில் ஃபேன் நின்றது. இரண்டு குடும்பமும் வாயை மூடிக்கொண்டு வேர்த்துக் கொட்டியது. அந்த நேரத்தில் சம்பந்தியின் மூக்கு விடைத்தது. தும்மல். அக்கா ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து முந்தானையால் அவர் மூக்கைப் பொத்திவிட்டாள்! சம்பந்தி மூக்கை, சபை நடுவில்! அவர் முகம் குங்குமமாகிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தும்மல் உள்ளேயே அடங்கியது. ஆசாரி தீயை ஊதினார். பொடி சுருண்டு, நெளிந்து, ஒரு மணியாக நின்றது. யாரோ கைதட்டினார்கள். பொன்னுருக்கில் கைதட்டல் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கல்யாணம் நன்றாக நடந்தது. தாலி ஏறிய கையோடு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மீனாவைச் சூழ்ந்துகொண்டு தாலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அதில் ஒரு பெரியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகவே கேட்டார்.

"என்னட்டி இது, இங்கன ஒரு பொட்டு மட்டும் வெளுத்துப் போயிருக்கு? ஆசாரி பித்தளையக் கலந்துட்டானா?"

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஆற்றுத் தங்கத்தில் இயற்கையாகவே வெள்ளி கலந்திருக்கும், அதனால் நிறம் கொஞ்சம் கம்மியாகத்தான் இருக்கும் என்று விளக்கம் சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

மீனா அதற்குள் தாலியை அவர் விரலிலிருந்து வாங்கி, அந்தப் பொட்டைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"பித்தளை இல்ல பெரியம்மா. அது எங்க அப்பா."